ஒரு பென்னி பேப்பரில் ஓசிக் கவிதை

போன வாரம் கேன்டீனில் ஒரு சண்டை. ஆங்கில இலக்கியம் படிக்கும் நண்பன் ஒருவன், விக்டோரியா காலத்துக் கவிதை என்றால் டென்னிசன், பிரௌனிங், ஆர்னால்டு, அவ்வளவுதான் என்றான். அந்தக் காலத்துச் செய்தித்தாள்களில் வந்த கவிதைகள்? "அதெல்லாம் காலியா இருக்கிற இடத்தை நிரப்பப் போட்டதுடா. நம்ம வாரப் பத்திரிகைல துணுக்கு போடற மாதிரி."

நான் பி.காம். படிக்கிறவன். கவிதையைப் பற்றிப் பேச எனக்கென்ன தகுதி என்று அவன் கேட்கவில்லை, ஆனால் பார்வையில் கேட்டான். சரி, எனக்குத் தெரிந்த வழியிலேயே, அதாவது கணக்கு வழியிலேயே வருகிறேன்.

ஆண்ட்ரூ ஹாப்ஸ் என்ற ஆய்வாளர், 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் உள்ளூர்ப் பத்திரிகைகளில் மட்டும் சுமார் 50 லட்சம் கவிதைகள் அச்சாகியிருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார். ஐம்பது லட்சம் துணுக்கா? அந்தக் காலத்து சாதாரண ஆள் கவிதை என்று ஒன்றைப் படித்திருந்தால், அதைப் பெரும்பாலும் சந்தை நிலவரத்துக்கும் திருட்டுக் கேசுக்கும் பக்கத்தில்தான் படித்திருப்பான். தோல் அட்டை போட்ட புத்தகம் அவனுக்குக் கட்டுப்படியாகாது.

பேப்பரே முதலில் கட்டுப்படியாகவில்லை என்பது வேறு கதை. 1836 வரை ஒவ்வொரு பிரதிக்கும் 4 பென்னி முத்திரை வரி. விளம்பரத்துக்குத் தனி வரி, காகிதத்துக்குத் தனி வரி. விஷயம் தெரிந்துகொள்வதற்கே வரி என்று அப்போதே ஜனங்கள் திட்டினார்கள். 1853ல் விளம்பர வரி போனது, 1855ல் முத்திரை வரி போனது, 1861ல் காகித வரியும் போனது. டெய்லி டெலிகிராப் 1855ல் ஆரம்பித்து அதே வருடமே ஒரு பென்னி பேப்பராகி விட்டது. அதற்கப்புறம் ஊருக்கு ஊர் பேப்பர், பேப்பருக்குப் பேப்பர் கவிதை மூலை. கவிதை பரவினதுக்குக் காரணம் கலைமகள் அருள் மட்டுமில்லை, பட்ஜெட்டும்தான் என்பேன்.

இன்னொரு வேடிக்கை. நண்பன் தலையில் வைத்துக் கொண்டாடும் டென்னிசனே பேப்பர் ஆள்தான். 1854 அக்டோபரில் பாலக்ளாவா போரில் பிரிட்டிஷ் குதிரைப்படை தப்பான உத்தரவால் பீரங்கிகளுக்கு நேராகப் பாய்ந்து மாண்டது. வைட் தீவில் வீட்டில் இருந்த டென்னிசனுக்கு அது தெரிந்தது டைம்ஸ் பத்திரிகை வழியாக. படித்தார், எழுதினார், டிசம்பர் 9ஆம் தேதி எக்ஸாமினர் என்ற வார இதழில் கவிதை வந்துவிட்டது. செய்தியிலிருந்து பிறந்து திரும்பச் செய்தித்தாளுக்கே போன கவிதை! பாடப் புத்தகத்தில் போடும்போது இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

தாமஸ் ஹூட் கதையும் இப்படித்தான். லண்டன் லாம்பெத்தில் ஒரு தையல்காரப் பெண். ஒரு கால்சட்டை தைத்தால் 7 பென்னி கூலி, ஊசியும் நூலும் அவள் கைக்காசு. தைக்கக் கொடுத்த துணியையே அடகு வைத்துவிட்டாள் என்று கோர்ட்டுக்கு இழுத்தார்கள். பேப்பரில் வந்த இந்த விவகாரம்தான் ஹூட்டை எழுத வைத்தது. 1843 கிறிஸ்துமஸ் சமயம் பஞ்ச் இதழில், ஆசிரியர் பெயரே இல்லாமல் வந்தது அந்தச் சட்டைத் தையல் பாட்டு. நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது. ஹூட்டின் கல்லறையில் அவரை அடையாளம் காட்டுவதே அந்தப் பாட்டு எழுதியவர் என்ற வரிதான்.

ஆனால் எனக்கு நிஜமாகவே பிடித்தவர் சாமுவேல் லேகாக். லங்காஷயர் பக்கம் ஸ்டேலிபிரிட்ஜில் பருத்தி மில் தொழிலாளி. 1861ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்தது, தென் மாநிலத் துறைமுகங்களை வட தரப்பு அடைத்தது, பஞ்சு வரவில்லை, மில்கள் மூடின. இவருக்கும் வேலை போயிற்று. வட்டார வழக்கில் பாட்டெழுதி உள்ளூர்ப் பத்திரிகையில் போட்டார். ஜனங்கள் அதை மனப்பாடம் செய்து பாடினார்கள். இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்கப் பஞ்சுக்குப் பதிலாகப் போனது இந்தியாவின் சூரத் பஞ்சு. இழை குட்டை, நூல் அறுந்துகொண்டே இருக்கும். நெய்த அளவுக்குத்தான் கூலி என்பதால் நூல் அறுந்தால் கூலியும் அறுந்தது. சூரத் பஞ்சைத் திட்டியே லேகாக் ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். பொருளாதாரப் புத்தகத்தில் 'மாற்றுப் பொருள்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். மாற்றுப் பொருள் கையில் வந்தவன் வயிறு எப்படி எரிந்தது என்பதற்கு இந்தப் பாட்டுகள்தான் சாட்சி. அந்தப் பஞ்ச காலக் கவிதைகளைத் தேடியெடுத்து எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2018ல் இணையத்தில் போட்டிருக்கிறது.

நியாயமாகப் பேசினால், முக்கால்வாசி சுமார் ரகம்தான். ஒத்துக்கொள்கிறேன். டண்டீயில் 1858ல் தொடங்கிய பீப்பிள்ஸ் ஜர்னல் வாசகர் கவிதைகளை நிறையப் போட்டது. தேறாதவற்றிலிருந்து சில வரிகளைப் பதில் பகுதியில் போட்டுக் கிண்டலும் செய்தது. அதே ஊர் நெசவாளி மெகொனகலை உலகமே இன்னும் மோசமான கவிஞர் என்று சிரிக்கிறது. அவரது முதல் கவிதையும் 1877ல் உள்ளூர் வாரப் பத்திரிகையில் வந்ததுதான்.

என் கோபம் வேறு இடத்தில். இதே காலத்தில் 'தி எரா' என்ற பத்திரிகை, மதுக்கடைக்காரர்களுக்காக 1838ல் தொடங்கியது, மெல்ல நாடகக்காரர்கள், மியூசிக் ஹால் பாடகர்களின் பத்திரிகையாகவே ஆகிவிட்டது. அதில் நடிகர்கள் காசு கொடுத்து விளம்பரம் போட்டார்கள், வேலையும் பிடித்தார்கள். கலையை வைத்துப் பணம் பண்ணத் தெரிந்த உலகம் அது. உள்ளூர்ப் பேப்பரில் எழுதிய நெசவாளிக்கோ பெரும்பாலும் சல்லிக்காசு கிடையாது. பேப்பருக்கு ஓசியில் சரக்கு. எழுதினவனும் அவன் சொந்தக்காரர்களும் அன்றைக்குப் பேப்பர் வாங்கினால் அதுவும் லாபக் கணக்கில்.

ஏமாற்று வேலை என்று சொல்லத்தான் வாய் வருகிறது. ஆனால் இரண்டு வருடம் முன்னால் எங்கள் ஊரில் ஒரு சின்னப் பத்திரிகை என் எட்டு வரியைப் போட்டது. காசு தரவில்லை. நான் ஆறு பிரதி வாங்கினேன். "உனக்கு அவன் குடுக்கணுமா, அவனுக்கு நீ குடுக்கணுமா?" என்றார் அப்பா. மறுநாள் அவர் சட்டைப் பையில் ஒரு பிரதி மடித்து வைத்திருந்தது. இதை எந்தப் பக்கம் பற்று வைப்பது என்று நண்பனிடம் கேட்டேன். டீ ஆறிப்போச்சு என்றான்.