உடைந்த வண்டியையும் காட்டுகிறவரே நல்ல ஆசான்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் என்னைக் கேலி செய்தார். "எழுபதை நெருங்குகிற வயதில் ரிமோட் கார் வீடியோ பார்க்கிறீர்களாமே! பேரன் சொன்னான்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும் வழியில், இது சிரித்துவிட்டு மறக்கிற விஷயம்தானா என்று தோன்றியது. நம் பிள்ளைகள் நாள்தோறும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் யாரிடம் பாடம் கேட்கிறார்கள் என்பது நமக்குத் தெரிய வேண்டாமா? அதனால்தான் இந்தக் கட்டுரை.

என்னைப் பற்றி இரண்டு வரி. இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1979-இல் கப்பலேறி வந்தவன். ஹேடோவில் ஒரு பட்டறையில் ஸ்பானர் பிடித்தே காலத்தை ஓட்டியவன். சிறுவயதில் நான் ஓட்டிய கார், நுங்கு வண்டி. நுங்கு எடுத்த வெறும் காய் இரண்டு, குறுக்கே ஒரு குச்சி, தள்ளிக்கொண்டு ஓட ஒரு கவைக்கம்பு. உடைந்தால் பனைமரத்தடியில் அடுத்த சக்கரம் கிடக்கும். செலவும் இல்லை, அழுகையும் இல்லை.

பேரன் கதை வேறு. இரண்டு வருடப் பொங்கல் காசும் தீபாவளிக் காசும் சேர்த்து, மீதியை அவன் அப்பா போட்டு, ஒரு ரிமோட் கார் வாங்கினான். முழங்கை நீளம் இருக்கும். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்பிரிங். வந்த பதினோராம் நாள் அது உடைந்தது. உடைத்தது அவனேதான். ஒரு வீடியோவில் ஒருவர் மொட்டை மாடியிலிருந்து காரை வீசுகிறார், அது சிதறுகிறது, அவர் கைகொட்டிச் சிரிக்கிறார், அடுத்த நிமிடம் அவர் கையில் புதிய கார்! இவனும் எங்கள் வீட்டுக் கல்படிகளில் காரை முழு வேகத்தில் விட்டான். படிகள் பதினான்கு. கீழே போய்ச் சேர்ந்தபோது முன்சக்கரம் ஒன்று தனியாக உருண்டது. அடுத்த நிமிடம் புதிய கார் வரவில்லை. மூன்று நாள் அதைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்தான், பாவம்.

என் மகனுக்குத் தெரிந்ததும் வீட்டில் பெரிய ரகளை. "இனிமேல் போனைத் தொடக் கூடாது" என்று உத்தரவு. இதில்தான் எனக்கும் மகனுக்கும் கருத்து வேறுபாடு. கெட்ட ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்பதற்காகப் பள்ளிக்கூடத்தையே மூடுவார்களா? எந்த ஆசிரியர் நல்லவர் என்று பார்த்துச் சேர்ப்பதல்லவா பெற்றோர் கடமை? "சரி, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்றான் மகன். அன்று முதல் பேரனும் நானும் சேர்ந்து பார்க்கத் தொடங்கினோம்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் பேச்சே நமக்குப் புதிது. செயற்கைக்கோளை மட்டும் நம்பியிருந்த காலத்தில் இங்கே ஒரு வீடியோ ஓடுவதற்குள் அரிசி வெந்துவிடும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளத்துக்குக் கடலடியில் போடப்பட்ட கண்ணாடி இழைக் கம்பி 2020 ஆகஸ்ட் 10-ஆம் நாள் திறந்துவைக்கப்பட்ட பிறகுதான் நம் பிள்ளைகளுக்கு உலகம் கைக்கு எட்டியது. உலகத்தின் நல்லதும் கெட்டதும் அதே கம்பியில்தான் வருகின்றன.

எனக்குப் பிடித்தவற்றில் முதலிடம் கனடாவிலிருந்து வரும் ஆர்.சி. ஸ்பார்க்ஸ் ஸ்டுடியோவுக்கு. 'மெடிக்' என்ற பெயரில் ஒருவர் பேசுகிறார். நிஜ லாரி, நிஜ மண்வெட்டி இயந்திரம் போலவே செய்த சிறிய வண்டிகளை மெதுவாக, மிக மெதுவாக ஓட்டுகிறார். சேற்றில் ஒரு வண்டி சிக்கிக்கொண்டால் இன்னொரு வண்டியைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுக்கிறார். பெரிய வேகமோ வெடியோ இல்லை. ஆனால் எந்தச் சக்கரம் பிடிக்கிறது, எது வழுக்குகிறது என்று நாமே குனிந்து பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். பட்டறையில் பழகியவனுக்கு அது சங்கீதம்.

பேரனுக்குப் பிடித்தவர் இங்கிலாந்தின் கெவின் டால்பாட். பெரிய வண்டி, பெரிய தாவல், பலத்த அடி. முதலில் எனக்கு முகம் சுளித்தது. பார்க்கப் பார்க்க மனம் மாறியது. அவர் வண்டியும் உடைகிறதுதான். ஆனால் உடைந்ததை ஒளிக்காமல் கேமரா முன்னால் பிடித்து, இன்ன பாகம் போய்விட்டது என்று காட்டுகிறார். அடிபடுவதும் சோதனைதான் என்று பேரன் வாதாடுகிறான். பாதி ஒப்புக்கொண்டேன்.

மூன்றாவதாக, வண்டி செய்யும் நிறுவனங்களே நடத்தும் பக்கங்கள். அமெரிக்காவின் டிராக்ஸஸ் நிறுவனம் தன் வண்டிகளைப் பிரித்துப் பூட்டுவது எப்படி என்று படிப்படியாகக் காட்டுகிறது. விளம்பரம்தானே என்பீர்கள். ஆம், விளம்பரம்தான். ஆனால் கடைக்காரர் கடையில் நின்றுகொண்டு பேசுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் போல வேடம் போடவில்லை. பேரனின் வண்டி வேறு கம்பெனிச் சரக்கு. ஆனாலும் உள்ளே அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். ஸ்டியரிங்கைத் திருப்புகிற சிறிய மோட்டாருக்கு செர்வோ என்று பெயர். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதலாகவும் உட்சக்கரம் குறைவாகவும் சுற்றுவதற்கு டிஃபரன்ஷியல். அம்பாசடர் காரில் இருந்த அதே டிஃபரன்ஷியல்தான், சுண்டைக்காய் அளவில்!

இனிப் பிடிக்காதவற்றுக்கு வருகிறேன். இங்கே பெயர் சொல்லப் போவதில்லை. பெயர் சொன்னால் அதையே முதலில் தேடிப் பார்ப்பார்கள் நம் பிள்ளைகள்! வகையை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, பெட்டியைப் பிரித்துக் காட்டுவதோடு நின்றுவிடுபவை. பத்து நிமிடம் பிளாஸ்டிக் உறையைக் கிழிப்பார்கள், முற்றத்தில் இரண்டு சுற்று, "சூப்பர், உடனே வாங்குங்கள்!" என்று முடிப்பார்கள். இரண்டு மாதம் கழித்து அந்த வண்டி ஓடுகிறதா என்று ஒருவரும் சொல்வதில்லை. வாங்கும் ஆசையை மட்டும் வளர்க்கிற இவை, வாங்குகிற வழியைப் பற்றி வாய் திறப்பதில்லை. நம் நாட்டில் பொம்மைகள் மீதான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது; 2023-இல் 70 ஆனது. அயல்நாட்டுக்காரர் சொல்லும் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்து ஏமாறும் பிள்ளைக்கு இதை யார் சொல்வது?

இரண்டு, காசு வாங்கிக்கொண்டு அதைச் சொல்லாதவை. இந்திய விளம்பரத் தரக் கட்டுப்பாட்டுக் குழு 2021 ஜூன் 14 முதல் இதற்கு நெறிமுறை வைத்திருக்கிறது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறையும் வழிகாட்டி வெளியிட்டது. காசோ இலவசப் பொருளோ வாங்கியிருந்தால் பார்ப்பவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதே அதன் சாரம். எழுதியவர்கள் எழுதிவிட்டார்கள். கவனித்துப் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

மூன்று, உடைப்பதே வேடிக்கையாகக் கொண்டவை. எரிப்பது, நசுக்குவது, மாடியிலிருந்து எறிவது. கெவின் டால்பாட்டும் உடைக்கிறாரே என்று பேரன் கேட்டான். நியாயமான கேள்வி. என் பதில் இது: ஓட்டும்போது உடைவது ஒன்று, உடைப்பதற்கென்றே ஓட்டுவது வேறொன்று. முதலாவதில் ஏன் உடைந்தது என்ற கேள்வி இருக்கிறது. இரண்டாவதில் கேள்வியே இல்லை.

நான்கு, இதுதான் எனக்குப் பயம் தருவது: பேட்டரியை விளையாட்டுப் பொருளாகக் காட்டுபவை. இந்தக் கார்களில் வருவது லித்தியம் பாலிமர் பேட்டரி. ஒரு அறைக்கு 3.7 வோல்ட் என்று கணக்கு. முழுதாக ஏறினால் 4.2, அதற்கு மேல் ஏற்றக் கூடாது, 3-க்குக் கீழே இறங்கவும் விடக் கூடாது. உப்பிப்போனதை மறுபடி சார்ஜ் செய்யக் கூடாது. சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது, தீப்பிடிக்கும். மர வீடுகளும் தகரக் கூரைகளும் நெருக்கமாக நிற்கிற நம் தெருக்களில் இதைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் சொல்கிறவரை நான் ஆசிரியர் என்று ஒப்பமாட்டேன்.

பேட்டரி என்றதும் இன்னொன்று. பேரனின் பேட்டரியும் அந்த விழுதலில் அடிபட்டிருந்தது. புதியது கேட்டால், நம் தீவுக்கு அனுப்ப முடியாது என்றார் விற்பவர். காரணம் பின்னால்தான் விளங்கியது. தனியாகப் பொட்டலம் கட்டிய லித்தியம் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் உலகெங்கும் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் பயணி தன் கைப்பையில் 100 வாட்-மணி வரை கொண்டுவரலாம். எங்களுடையது 7.4 வோல்ட், ஒன்றரை ஆம்பியர்-மணி. பெருக்கினால் 11 தான். அந்தப் பெருக்கலைப் பேரனே போட்டான். சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, முனைகளில் நாடா ஒட்டி, மைத்துனர் மகன் கைப்பையில் கொண்டுவந்து சேர்த்தான். 1,300 கி.மீ.க்கு அப்பால் கடை இருக்கும்போது விதி தெரிந்திருப்பதும் ஒரு தொழில்திறன்தான்.

உடைந்த பாகம் வருவதற்குள் நாங்கள் சும்மா இருக்கவில்லை. சக்கரத்தைத் தாங்குகிற பிளாஸ்டிக் கை போய்விட்டது. அதன் அளவைத் தாளில் வரைந்து, பழைய அலுமினியப் பட்டையில் வெட்டி, துளை போட்டுப் பூட்டினோம். முதல் கை வளைந்துபோனது. இரண்டாவது நான்கு நாள் தாங்கியது. அந்த நான்கு நாளும் என் பேரன் தெருவில் ராஜா!

பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். இவன் என்னிடம் இப்படித் தொடர்ந்து தமிழில் பேசியதே இல்லை. பள்ளியில் இந்தி, தெருவில் இந்தி, வீடியோவிலும் இந்தியோ ஆங்கிலமோதான். என்னிடம் சாப்பாடு, தூக்கம் என்ற அளவில் நாலு சொல் தமிழ். இப்போது, "தாத்தா, இந்தத் திருகு மரை கழண்டுபோச்சு", "தாத்தா, பேரிங்குக்குத் தமிழ்ல என்ன?" என்று கேள்வி மேல் கேள்வி. தாங்கி என்றேன். "எதைத் தாங்குது?" என்றான். அச்சைத் தாங்குகிறது என்று காட்டினேன். ஹேடோவின் உப்புக் காற்றில் அந்தத் தாங்கி துருப்பிடிக்காமலிருக்க, ஓட்டிவந்த அன்றே துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும் என்பதையும் சொன்னேன். கனடாக்காரருக்குப் பனியைப் பற்றித் தெரியும். நம் கார்பின்ஸ் கோவ் மணலையும் எட்டு மாத மழையையும் பற்றி நாம்தானே சொல்ல வேண்டும்?

எனவே பெற்றோருக்கு என் தாழ்மையான யோசனை. போனைப் பிடுங்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இவருக்குக் காசு தருவது யார்? உடைந்த பிறகு என்ன செய்கிறார்? இவர் சொல்வது நம் ஊரில் நடக்குமா? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் அந்தப் பக்கம் பிள்ளைக்கு நல்லது. கிடைக்காவிட்டால், ஏன் கிடைக்கவில்லை என்று பிள்ளையையே கேளுங்கள். அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு ஞாயிறு, கூடத்தின் ஒரு மூலையில் ஒரு மேசை போட்டுத் தாருங்கள். பிள்ளைகள் உடைந்த பொம்மைகளைக் கொண்டுவரட்டும். பட்டறையிலும் கப்பலிலும் மின்துறையிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கைகள் நம்மிடையே எத்தனையோ உண்டு. பழுது பார்ப்பதை ஒரு பிள்ளை போனில் படம் பிடித்து, தமிழில் பேசி வெளியிடட்டும். பத்துப் பேர் பார்த்தாலும் போதும்.

புதிய பாகம் போன வாரம் வந்து சேர்ந்தது. பூட்டியாகிவிட்டது. வளைந்த அலுமினியக் கையைத் தூக்கி எறியப் போனேன். "வேண்டாம் தாத்தா, அது நாம செஞ்சது" என்று வாங்கி, தன் பென்சில் டப்பாவில் போட்டுக்கொண்டான். இரவு அவன் அப்பா வந்ததும் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டினான். போன் தடை அன்றே நீங்கியது.