கவுண்டருக்கு வெளியே நிற்பது யார்?

வெள்ளாற்று அணைக்கட்டுத் தண்ணீரில் நெல்லும் கரும்பும் விளைகிற பூமி சேத்தியாத்தோப்பு. இந்தப் பக்கத்து விவசாயி ஒருவர் பயிர்க் கடன் கேட்டுப் பாங்குக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

கையில் கொடுப்பது இங்கிலீஷ் பாரம். தமிழ் பாரம் கேட்டால், "தீர்ந்துபோச்சு!" கவுண்டரில் இருப்பவருக்கோ தமிழ் தெரியாது. "என்ன எழுதியிருக்கு தம்பி?" என்று பக்கத்தில் நிற்கும் காலேஜ் பையனைக் கேட்டுவிட்டு, கையெழுத்துப் போடுகிறார். எதற்குப் போட்டார்? அவருக்கே தெரியாது!

மொழிப் பிரச்சினை என்றால் ஏதோ புலவர்கள் சண்டை என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. கவுண்டருக்கு உள்ளே யார், வெளியே யார் என்பதுதான் மொழிப் பிரச்சினை. மக்களுக்குப் புரியாத மொழியில் நடக்கும் ஆட்சி, அன்னிய ஆட்சி மாதிரிதான்.

இது தமிழனுக்குப் புதிதல்ல. 1938-ல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. ஆயிரம் பேருக்கு மேல் சிறை போனார்கள். நடராசன், தாளமுத்து இருவரும் காவலில் இருந்தபோது நோயுற்று 1939-ல் உயிர் விட்டார்கள். 1940 பிப்ரவரி 21-ந் தேதி கட்டாய இந்தி வாபஸ்!

மறுபடி 1965. அரசியல் சட்டம் கொடுத்த 15 வருஷக் கெடு ஜனவரி 26-ல் முடிந்தது. மறுநாளே சிதம்பரத்தில் துப்பாக்கிச் சூடு. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் பலியானார். சேத்தியாத்தோப்பில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிற இடம் அது. அந்த ரத்தத்துக்குப் பிறகுதான், இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை இங்கிலீஷ் நீடிக்கும் என்று 1967-ல் சட்டம் திருத்தப்பட்டது.

இந்தி மேல் வெறுப்பா? கிடையாது. சென்னை தியாகராய நகரில் இந்தி பிரசார சபா இன்றும் நடக்கிறது. விரும்பியவர் படிக்கிறார்கள். யார் தடுத்தார்கள்? படிப்பது வேறு, திணிப்பது வேறு.

கடல் தாண்டியும் இதே கதைதான். உருதுதான் ஆட்சி மொழி என்று பாகிஸ்தான் அரசு அடம் பிடித்தது. 1952-ல், அதே பிப்ரவரி 21-ந் தேதி, டாக்காவில் வங்க மாணவர்கள் சுடப்பட்டார்கள். மதம் ஒன்று, மொழி வேறு. 1971-ல் நாடே இரண்டானது! இலங்கையில் 1956-ல் வந்த தனிச் சிங்களச் சட்டம் என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

நம் முதுகிலும் அழுக்கு உண்டு. தமிழை ஆட்சி மொழியாக்கும் சட்டம் 1956-லேயே வந்தது. இன்னும் சில ஆபீஸ்களில் இங்கிலீஷில் வருகிற நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு, படித்துச் சொல்ல ஆள் தேடுகிறான் தமிழன். டில்லியிடம் கேட்கும் நியாயத்தை நம் ஆபீசிலும் கேட்க வேண்டாமா?

பாங்கு பாரங்கள் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கு விதி. புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. இருப்பதை அமல் நடத்தினால் போதும். கிராமத்துக் கிளைகளில் தமிழ் தெரிந்த ஒருவராவது கவுண்டரில் உட்கார வேண்டும்.

"தமிழ் பாரம் கொடுங்க, அப்புறம் கையெழுத்துப் போடுறேன்" என்று விவசாயியும் அழுத்திச் சொல்லட்டும். சிதம்பரத்தில் ஒரு மாணவன் உயிரைக் கொடுத்தான். நாம் வாயையாவது திறக்கலாமே!