நாயும் நடுவீடும்

"நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்..." என்று தொடங்கும் பழமொழியை அறியாத தமிழர் இலர். அதன் பிற்பாதியை யான் ஈண்டு எழுத வேண்டியதில்லை. உயர்நிலை முதலாம் வகுப்பு மாணவனும் தடையின்றிச் சொல்லி முடிப்பான். பிறவிக் குணம் எக்காலத்தும் மாறாது என்பது அதற்கு நாம் பலகையில் எழுதிப்போடும் பொருள். அடுத்த பாடவேளையில், அதே பலகையில், பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்னும் வள்ளுவர் நெறியை விளக்குகிறோம். இரண்டையும் ஒரே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் மாணவன் எதனை நம்புவான்?

நெடுங்காலம் இவ்வினா என்னைத் தைக்கவில்லை. விலங்குக் காப்பகம் ஒன்றிலிருந்து ஆறு வயது நாயொன்றை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகே தைத்தது. தேக்காவில் ஒரு ஞாயிறு மாலை, தேநீர்க் கோப்பையைக் கையில் ஏந்தியபடி, உடன் பணியாற்றும் தமிழாசிரியர் ஒருவர் கேட்டார்: "சாதி நாய்தானே சார்?" இல்லை என்றேன். "அப்படியானால் குட்டியாவது வாங்கியிருக்கலாமே! வளர்ந்த தெருநாயை நடுவீட்டில் வைத்து என்ன செய்வீர்கள்?" என்றார். அவர் தீயவர் அல்லர். மாணவருக்காக இரவு பகல் உழைப்பவர். அவர் வாயில் அச்சொல் அத்துணை இயல்பாக வந்ததே, அதுதான் என்னைச் சுட்டது.

சாதி நாய்! மனிதரிடையே சொல்லக் கூசும் சொல்லை நாயிடத்தில் கூச்சமின்றிச் சொல்கிறோம். இதன் மறுபக்கம் இன்னும் கொடியது. உரிமையாளரற்ற நாயை ஆங்கிலேயர் எப்பெயரால் அழைத்தனர்? 'பரையா நாய்' என்றனர். யூலும் பர்னெலும் தொகுத்து 1886ஆம் ஆண்டு வெளியிட்ட ஆப்சன்-சாப்சன் என்னும் ஆங்கிலோ இந்திய அகராதியில் அச்சொல் தனித் தலைப்பாகவே இடம்பெற்றது. அதன் வேர் எது? பறை முழக்கிய நம் மக்களின் பெயரே. தமிழ் உலகுக்கு வழங்கிய சொற்கள் எவை என்று மாணவரைக் கேட்டால் கட்டுமரம், மிளகுதண்ணீர் என்று பெருமையுடன் பட்டியலிடுவர். இச்சொல்லும் அப்பட்டியலில் உண்டு என்பதை நாம் சொல்லிக் கொடுப்பதில்லை. மக்களுள் ஒரு பிரிவினரைப் பிறப்பால் இழித்தோம். அவ்விழிவை அயலார் எடுத்து நாயின் கழுத்தில் கட்டினர். அந்நாயைச் சுட்டி மீண்டும் மனிதரை ஏசினர். மனிதரையும் நாயையும் யான் ஒப்பிடுவதாக எவரும் கொள்ளற்க. ஒப்பிட்டது அச்சொல், அவ்வொப்பீட்டை உடைக்க வேண்டும் என்பதே என் வழக்கு.

நிற்க. சிங்கப்பூரின் தெருநாய்கள் எங்கிருந்து வந்தன? கட்டுமானத் தளங்களிலும் தொழிற்பேட்டைகளிலும் காவலுக்கென வளர்ந்தவை பல. கட்டடம் எழுந்ததும் வேலி அகலும். தொழிலாளர் வேறிடம் செல்வர். நாய் மட்டும் அங்கேயே நிற்கும். தமிழகத்திலிருந்து வந்து உழைக்கும் நம் தோழர்கள் தம் பொட்டலச் சோற்றில் ஒரு பிடியை இந்நாய்களுக்கு ஒதுக்குவதை யான் கண்டிருக்கிறேன். தமக்கே நிலையான கூரை இல்லாதார் செய்த அறம் அது. நிலையான கூரையுடைய நாம் செய்தது என்ன?

2018ஆம் ஆண்டு முதல், தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, இயன்றவற்றை வீடுகளுக்கு அனுப்பும் திட்டம் அரசின் துணையுடன் நடந்துவருகிறது. விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் காப்பகம் 2016ஆம் ஆண்டு மவுண்ட் வெர்னன் சாலையிலிருந்து சுங்கை தெங்காவுக்குப் பெயர்ந்தது. அப்பகுதியில் வேறு காப்பகங்களும் உள. அங்குச் செல்வோர் முதலில் தேடுவது குட்டியை. ஐந்தும் ஆறும் வயதான நாய்கள் கம்பிக்குப் பின்னே நின்று, வருவோரையும் போவோரையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

சட்டமும் நெடுங்காலம் பிறப்பையே கேட்டது. வீவக வீட்டில் வளர்க்கத்தக்கவை என ஏற்கப்பட்ட சிறு இனங்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள். பட்டியலில் பெயரிருந்தால் உள்ளே. நம் மண்ணிலேயே பிறந்து, கலப்பினம் என்றும் 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்றும் அழைக்கப்படும் நாய்க்கோ கதவடைப்பு. 2012ஆம் ஆண்டு தொடங்கிய 'அடோர்' திட்டம் அக்கதவைச் சற்றே திறந்தது. 2020ஆம் ஆண்டு, தோள்வரை 55 செண்டிமீட்டர் உயரமுள்ள உள்ளூர்க் கலப்பின நாயையும் அத்திட்டத்தின்கீழ் ஏற்கலாம் என விதி தளர்ந்தது. கருத்தடை, நுண்சில்லு, உரிமம், கீழ்ப்படிதற் பயிற்சி ஆகியவற்றை விதி கேட்கிறது. இவையெல்லாம் ஒழுக்கம் பற்றியவை, குலம் பற்றியவை அல்ல. சட்டம் நகர்ந்துவிட்டது. நம் நாவு நகர்ந்ததா?

"வளர்ந்த நாய் பழகாது" என்பது அடுத்த வாதம். உண்மை இதற்கு மாறானது. குட்டியைப் பார்த்து அது எத்துணை உயரம் வளரும், எக்குணம் கொள்ளும் என்று உறுதிகூற எவராலும் இயலாது. வளர்ந்த நாயின் உயரத்தை அளவுநாடா கொண்டு அன்றே அறியலாம். 55 செண்டிமீட்டர் என்னும் வரம்புள்ள நாட்டில் இது சிறு நன்மையன்று. அது குழந்தைகளிடம் எவ்வாறு நடந்துகொள்ளும், பூனையைக் கண்டால் என்ன செய்யும் என்பதைக் காப்பகத்தில் நாள்தோறும் பேணுவோர் சொல்வர். குட்டியைப் போல் மணிக்கொரு முறை சிறுநீர் கழிக்காது; நாற்காலிக் கால்களைப் பல் முளைக்கும் தினவில் கடித்துக் குதறவும் செய்யாது.

ஆயினும் அதற்குக் காலம் வேண்டும். காப்பகத்தார் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என ஒரு கணக்குச் சொல்வர். முதல் மூன்று நாள் அச்சம் தணிய. மூன்று வாரம் வீட்டின் நடைமுறை விளங்க. மூன்று மாதம் இது தன் வீடு என்னும் நம்பிக்கை வேரூன்ற. இஃது அறிவியல் விதியன்று; அனுபவக் கணக்கு. எங்கள் மணி அதனை மெய்ப்பித்தது. முதல் மூன்றிரவு வாயிலருகே, காலணி அடுக்கின் ஓரத்தில், கதவை நோக்கியே படுத்துக்கிடந்தது. நாங்கள் விளக்கணைத்த பிறகே உண்டது. துடைப்பத்தைக் கண்டால் நடுங்கியது. மின்தூக்கியின் கதவொலிக்கு அஞ்சி உள்ளே கால்வைக்க மறுத்தது. இரண்டு வாரம் எட்டு மாடியும் படியிறங்கினோம். கூடத்தில் இருமுறை சிறுநீர் கழித்தது. என் மனைவி, "இதற்கு வீடு என்றால் என்னவென்று தெரியவில்லை, தெரியாததற்கு அடிப்பார்களா?" என்று சொல்லித் துடைத்தாள். நாங்கள் செய்ததெல்லாம் சிலவே: ஒரே நேரத்தில் உணவு, ஒரே நேரத்தில் நடை, ஒதுங்க ஒரு மூலை. அதுவாக அருகில் வரும்வரை ஒருவரும் தொடவில்லை. விருந்தினரைச் சில வாரம் அழைக்கவுமில்லை.

வேறு மறுப்புகளும் உள. அண்டைவீட்டார் பற்றிய கவலை நேர்மையானது. இசுலாமிய அண்டைவீட்டார் நாயின் எச்சில் படுவதைத் தவிர்ப்பர். அஃது அவர்தம் சமய ஒழுக்கம். கயிற்றைக் குறுக்கிப் பிடிப்பதும், மின்தூக்கியில் அவர்கள் இருந்தால் அடுத்த முறைக்குக் காத்திருப்பதும் நமக்குப் பெரிய தியாகங்கள் அல்ல. வெறிநாய்க்கடி அச்சத்திற்கு ஒரு விடை: 1953ஆம் ஆண்டுக்குப் பின் சிங்கப்பூர் அந்நோயற்ற நாடு. செலவும் காலமும் இல்லாதார், நாள் முழுதும் வீட்டைப் பூட்டிச் செல்வோர் நாயை ஏற்க வேண்டா. ஏற்றுப் பின் திருப்பி விடுவது ஏற்காமையினும் கொடிது. யான் வாதிடுவது அவர்களோடு அன்று. வளர்க்க வசதியும் விருப்பமும் இருந்தும், பிறப்புச் சான்றைக் கேட்டுப் பல்லாயிரம் வெள்ளி கொடுத்துக் குட்டி வாங்குவோரோடுதான்.

இவர்களுள் பலர் பைரவர் சன்னிதியில் அவர்தம் ஊர்தியாகிய நாயையும் சேர்த்தே கைகூப்புவோர். தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுத் துறக்கம் புக மறுத்த தருமனின் கதையைக் கண்கலங்கக் கேட்போர். அந்த நாய் எந்த இனம் என்று தருமன் கேட்டானா? அதற்கு எத்தனை வயது என்று கேட்டானா? உடன் நடந்தது என்பதொன்றே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. கல்லிலும் கதையிலும் போற்றுவதை, கம்பிக்குப் பின்னே உயிரோடு நிற்கும்போது மறுப்பது எந்த அறத்தில் சேரும்?

தமிழாசிரியப் பெருமக்களே! பழமொழியை நூலிலிருந்து நீக்குங்கள் என்று யான் கேட்கவில்லை. முன்னோர் சொன்னது என்பதற்காக அதனை உண்மையெனக் கற்பிக்காதீர்கள் என்றே வேண்டுகிறேன். மாணவனை வினவச் செய்யுங்கள். நாயைக் குளிப்பாட்டியவன் அதனைக் கேட்டா குளிப்பாட்டினான்? நடுவீட்டில் வைத்த பின் எத்தனை நாள் பொறுத்திருந்தான்? ஒருவேளைக் குளியலும் ஒருநாள் இடமும் கொடுத்துவிட்டு, மறுநாளே "பார்த்தீர்களா, பிறவிக் குணம்!" என்று கைகொட்டியவனின் சாட்சியம் அல்லவா அப்பழமொழி? பின்தங்கியவன் என்று முத்திரையிடப்பட்ட மாணவனிடத்தும் நாம் இதனைத்தானே செய்கிறோம்? ஒரு பருவத் தேர்வு பார்த்துவிட்டு, "இவன் இவ்வளவுதான்" என்று எழுதிவிடுகிறோமே!

ஐந்தாம் வாரத்தில் ஒரு மாலை, யான் கட்டுரைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மணி வாயிலை விட்டெழுந்து வந்தது. கூடத்தின் நடுவே, விசிறிக்குக் கீழே, ஒருமுறை சுற்றிப் படுத்துக் கண்மூடியது. அன்றுவரை அதனை எவரும் குளிப்பாட்டவுமில்லை, தூக்கிவந்து வைக்கவுமில்லை. கதவு திறந்தேதான் இருந்தது. அது தெருவைத் திரும்பிப் பார்க்கவில்லை.