கார் கைமாறலாம்; காப்பீடு கைமாறுமா?

மணிவிழாவோ சதாபிஷேகமோ நடக்காத நாள் திருக்கடையூரில் அரிது. அறுபதும் எண்பதும் நிறைந்த தம்பதியரை மயிலாடுதுறை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வந்து, வைத்தீஸ்வரன்கோவில், திருநள்ளாறு என்று சுற்றிக்காட்டித் திரும்பக் கொண்டுபோய்விடும் கார்களை நம்பிப் பல குடும்பங்கள் இங்கு பிழைக்கின்றன. புதிய கார் வாங்க வசதியில்லாதவர் பழைய காரைத் தேடுகிறார். பெட்ரோல் விலையை நினைத்து, 'கேஸ் போட்ட வண்டி'யாகப் பார்க்கிறார். அதில் தவறேதும் இல்லை. சிக்கல் எஞ்சினில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது.

அண்மையில் உறவினர் ஒருவருக்காக அத்தகைய காரின் ஆவணங்களைப் படிக்க நேர்ந்தது. காரைக்காலில் பதிவான, பிஒய் 02 என்று தொடங்கும் எண். பின்பக்கத்தில் சி.என்.ஜி. உருளை கண்முன்னே இருக்கிறது. பதிவுச் சான்றில் எரிபொருள் 'பெட்ரோல்' என்று மட்டுமே இருக்கிறது. காப்பீட்டு ஆவணத்தில் எரிவாயு கிட் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கேட்டதற்குத் தரகர் சிரித்தார்: "வண்டி ஓடுதா இல்லையா, அதைப் பாருங்க சார்." டெல்டாவில் பழைய கார் வணிகத்தின் இலக்கணமே இந்த ஒரு வாக்கியம்தான்.

சட்டம் வேறு மாதிரி பேசுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, வாகனத்தின் எரிபொருளை மாற்ற அனுமதிக்கிறது; ஆனால், அங்கீகரிக்கப்பட்ட கிட்டைப் பொருத்தி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி, பதிவுச் சான்றில் பதிய வேண்டும். புனேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம் போன்ற அமைப்புகள் சோதித்துச் சான்றளித்த கிட்டாக அது இருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, விதிகளுக்குப் புறம்பாக வாகனத்தை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மாற்றியவர் விற்றுவிட்டுப் போய்விடுவார்; சாலையில் நிறுத்தப்பட்டுக் கேள்வி கேட்கப்படுபவர் வாங்கியவர்.

காப்பீட்டில்தான் இழப்பு பெரிது. எரிவாயு கிட்டுக்கான கூடுதல் கட்டணம் ஒன்றும் மலையல்ல. 2002ஆம் ஆண்டு இந்திய மோட்டார் கட்டண விதிநூலின்படி, கிட்டின் மதிப்பில் 4 சதவீதமும், மூன்றாம் நபர் பகுதிக்கு 60 ரூபாயும்தான். ஐம்பதாயிரம் ரூபாய் கிட் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 ரூபாய். இதை மிச்சப்படுத்த, புதுப்பிக்கும்போது 'எரிவாயு கிட் உண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று பதிந்துவிடுகிறார்கள். பல நேரங்களில் உரிமையாளருக்கே அது தெரியாது, முகவர் பதிகிறார். தீப்பிடித்த பிறகு வரும் மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது அந்த உருளையைத்தான். மறைக்கப்பட்ட ஒரு மாற்றத்தைக் காரணம் காட்டி, இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ நிறுவனத்துக்கு வழி கிடைத்துவிடுகிறது.

விற்பனையோடு காப்பீடும் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை பாதி உண்மை. 157ஆவது பிரிவின்படி, மூன்றாம் நபருக்கான காப்பீடு வாங்கியவர் பெயருக்கு மாறியதாகக் கருதப்படும். காரின் சொந்தச் சேதத்துக்கான பகுதிக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1990களிலேயே தெளிவுபடுத்திவிட்டது. 14 நாள்களுக்குள் நிறுவனத்துக்கு எழுதிப் பெயர் மாற்ற வேண்டும். பதிவுச் சான்றில் பெயர் மாறாவிட்டால் விற்றவருக்கும் நிம்மதியில்லை. 2007இல் விற்கப்பட்டு, பிறகும் கைமாறிய ஒரு கார் 2009இல் விபத்துக்குள்ளானபோது, பதிவேட்டில் பெயர் இருந்த முதல் உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. 2022 அக்டோபரில் கோவை உக்கடத்தில் வெடித்த மாருதி காரும் பல கைகள் மாறியிருந்தது. அது எரிவாயுக்கு மாற்றிய காரின் கதையல்ல, பயங்கரவாத வழக்கு. ஆயினும், ஒரு காரின் உண்மையான உரிமையாளரைத் தேடிக் காவல் துறை எத்தனை வீடுகளின் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது என்பதைக் காட்டியது.

என்னை அதிகம் உறுத்துவது காரில் உட்கார்ந்து வரும் முதியவர்களின் நிலை. பழைய கார்களில் பெரும்பாலும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே இருக்கும். சொந்தப் பயன்பாட்டுக் காருக்குள் இருப்பவர் அந்தக் காப்பீட்டின் கணக்கில் 'மூன்றாம் நபர்' அல்லர். அவருக்குப் பாதுகாப்பு வேண்டுமெனில் முழுக் காப்பீடு வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டினால் நிறுவனம் கைகழுவ இன்னொரு காரணமும் சேரும். எண்பதாம் கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஏறும்போது காரின் காப்பீட்டைக் கேட்டுப் பார்ப்பார்களா என்ன?

உருளைக்கும் வயது உண்டு. ஏறத்தாழ 200 மடங்கு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கும் சி.என்.ஜி. உருளையை மூன்றாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும், எல்.பி.ஜி. தொட்டிக்கு ஐந்தாண்டு. அந்தச் சான்றை, எஃப்.சி. கேட்கிற பழக்கத்தில் கேட்பவர் மிகக் குறைவு. வீட்டுச் சமையல் உருளையிலிருந்து காருக்கு நிரப்பும் வழக்கமும் மறைந்துவிடவில்லை. அது அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ்க் குற்றம். காப்பீட்டைப் பற்றிப் பேசவே அங்கு இடமில்லை.

காரைக்கால் எல்லை அருகில் இருப்பதால் இப்பகுதிக்குக் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. புதுச்சேரிப் பதிவு வண்டியைத் தமிழகத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும். அதற்குத் தடையில்லாச் சான்று, தமிழக வரி எல்லாம் உண்டு. பதிவு செய்யப்படாத எரிவாயு கிட் அந்த நேரத்தில்தான் ஆய்வாளர் கண்ணில் படுகிறது. அதற்குள் பணம் கைமாறி ஓராண்டு ஆகியிருக்கும்.

2023 ஏப்ரல் முதல், பழைய வாகன விற்பனையாளர்கள் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரம் பெற்று, தங்களிடம் வந்த வண்டியைத் தெரிவிக்க வேண்டும் என்ற மத்திய விதி நடைமுறையில் இருக்கிறது. நகரத்து ஷோரூம்களுக்கு அது சரி. டீக்கடை பெஞ்சில் பேசி முடிக்கும் தரகர்களை அது எட்டவில்லை. எட்டும் இடம் ஒன்றுதான்: உரிமை மாற்றத்துக்கான 29, 30 ஆம் படிவங்கள் வந்து சேரும் மேசை. உருளைச் சோதனைச் சான்றும் எரிபொருள் விவரமும் அங்கு கேட்கப்பட்டால் போதும். காப்பீட்டு நிறுவனங்களும், அரசின் 'வாகன்' தரவில் உள்ள எரிபொருள் விவரத்தோடு விண்ணப்பதாரர் சொல்வதை ஒப்பிட்டு, வேறுபட்டால் ஆவணம் வழங்கும் முன்பே தெரிவிக்கலாம்; தரவு அவர்களிடம் இருக்கிறது. இப்போது அந்த ஒப்பீடு பெரும்பாலும் இழப்பீடு கேட்கும்போதுதான் நடக்கிறது.

ஏற்கெனவே கிட் பொருத்தி ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு, தண்டனை அச்சமின்றிச் சோதித்துப் பதிந்துகொள்ள மாவட்ட அளவில் ஒரு கால அவகாசம் தேவை. மயிலாடுதுறை அலுவலகத்துக்கு வரச் சொல்வதைவிட, தரங்கம்பாடியிலோ சீர்காழியிலோ முகாம் நடத்தினால் ஒரு நாள் வாடகை வருமானத்தை இழக்காமல் ஓட்டுநர்கள் வருவார்கள்.