வடிவம் முடிவாகும் முன்பே கேளுங்கள்: கட்டற்ற மென்பொருள் வலைத்தளங்களின் மறுவடிவமைப்பு குறித்து எங்கள் நிலைப்பாடு

கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்று தன் வலைத்தளத்தைப் புதிதாக வடிவமைக்கும்போது, பயனர்களின் கருத்தை வடிவம் முடிவாவதற்கு முன்பே கேட்க வேண்டும். வழக்கமாக வாய் திறக்காதவர்களைத் தேடிப்போய்க் கேட்க வேண்டும். கேட்டதில் எதை ஏற்றோம், எதை ஏன் விட்டோம் என்பதை எல்லோரும் படிக்கும்படி எழுதிவைக்க வேண்டும். கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் மொழிபெயர்த்தும், மாணவர்களுக்கு நிறுவிக் காட்டியும், வழுக்களைப் பதிந்தும் வருகிற தன்னார்வலர்கள் நாங்கள். எல்லாத் திட்டங்களிடமும் இதைக் கோருகிறோம். எங்கள் சொந்தத் தளத்துக்கும் இதுவே விதி.

இதை நாங்கள் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு மென்பொருளைப் பலர் முதலில் சந்திப்பதே அதன் வலைத்தளத்தில்தான். அங்கே வேண்டிய கோப்பு கிடைக்காதவர் தேடுபொறி காட்டிய வேறு எங்கோ போய், விளம்பர நிரல் ஒட்டிய நிறுவியை இறக்கிக்கொள்கிறார். 2013-இல் படத்தொகுப்பு மென்பொருளான கிம்பின் திட்டம் தன் விண்டோஸ் கோப்புகளைச் சோர்ஸ்ஃபோர்ஜ் பதிவிறக்கத் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. அங்கே வந்த விளம்பரங்கள் பதிவிறக்கப் பொத்தானைப் போலவே தோற்றம் காட்டியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பொத்தான் எங்கே இருக்கிறது, எப்படித் தெரிகிறது என்பவை பயனரின் பாதுகாப்பைத் தொடும் கேள்விகள்.

லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் டெபியன் திட்டத்தின் அனுபவத்திலிருந்து நாங்கள் நிறையக் கற்றோம். 1997-இல் வகுக்கப்பட்ட டெபியன் சமூக ஒப்பந்தத்தில், சிக்கல்களை மறைக்க மாட்டோம், வழுப் பதிவுகள் அனைத்தும் எப்போதும் பொதுப்பார்வைக்குத் திறந்திருக்கும் என்ற உறுதி இருக்கிறது. அந்த உறுதி அவர்களுடைய வலைத்தளத்துக்கும் பொருந்தும்: மென்பொருள் பொதிகளைப் போலவே வலைத்தளத்துக்கும் வழுக் கண்காணிப்பில் தனிப் பெயரில் ஓர் இடம் உண்டு. யார் என்ன குறை சொன்னார், அதற்கு என்ன பதில் வந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தும் படிக்கலாம். இந்த ஏற்பாட்டை எல்லாத் திட்டங்களும் பின்பற்ற வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

2020 டிசம்பரில் டெபியனின் முகப்புப் பக்கம் புதுவடிவம் பெற்றது. பழைய பக்கத்தைவிடத் தெளிவாக இருந்தது. ஆனாலும் புதிய மடிக்கணினியில் டெபியனை நிறுவ முயன்ற பலர் திணறிக்கொண்டுதான் இருந்தார்கள். காரணம் பக்கத்தின் நிறத்திலோ எழுத்துருவிலோ இல்லை. அவர்களுடைய வைஃபை வன்பொருளுக்குக் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர், அதாவது வன்பொருளை இயக்கும் உள்நிரல், தேவைப்பட்டது. அப்போதைய அதிகாரபூர்வ நிறுவியில் அது இல்லை. அதைச் சேர்த்த நிறுவிப் படிமம் தனியே, அதிகாரபூர்வமற்றது என்ற பெயரோடு, எளிதில் கண்ணில் படாத இடத்தில் இருந்தது. இந்த நிலையில் பதிவிறக்கப் பொத்தானைப் பெரிதாக்கினால், பயன்படாத கோப்பு இன்னும் சீக்கிரம் கைக்கு வரும், அவ்வளவுதான். கடைசியில் 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து, அந்த ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்க்கலாம் என முடிவு செய்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அப்படித்தான் வெளியானது. அந்த முடிவின் சரி தவறு பற்றிக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களிடையே இன்றும் இருவேறு கருத்துகள் உண்டு, எங்களுக்குள்ளும் உண்டு. நாங்கள் இங்கே கவனிப்பது வேறொன்றை. வலைத்தளத்தில் தடுமாறுகிறவரைக் கூர்ந்து கேட்டால், திட்டத்தின் கொள்கையில் இருக்கும் முடிச்சு வரை அது கொண்டுபோய் விடுகிறது.

‘புதிய வடிவம் பிடித்திருக்கிறதா?’ என்ற கேள்வியால் இத்தகைய முடிச்சு ஒருநாளும் வெளிப்படாது. அதற்கு வருவதெல்லாம் ரசனை. ஒரு வேலையைக் கொடுங்கள்: ‘உங்கள் கணினிக்கு ஏற்ற கோப்பை இறக்குங்கள்’, ‘இந்தப் பிழைச்செய்திக்குத் தீர்வு தேடுங்கள்’. பிறகு குறுக்கிடாமல் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். ஐந்து பேரை இப்படிக் கவனித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டியல் ஆய்வாளர் யாகோப் நீல்சன் 2000-இல் எழுதியது பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த ஐவரும் ஒரே வகைப் பயனர்களாக இருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலையே திறந்திராத மாணவர்கள் ஒரு வகை. என்விடிஏ, ஓர்கா போன்ற திரைவாசிப்பான்களைக் கொண்டு இணையத்தைக் கேட்கும் பார்வையற்றோர் இன்னொரு வகை. கைபேசியை மட்டுமே வைத்திருப்பவர்கள், ஆங்கிலம் தவிர்த்த மொழிகளில் படிப்பவர்கள் என்று இன்னும் உண்டு. ஒவ்வொரு வகையிலும் சிலரையாவது பார்க்க வேண்டும். தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பார்க்காமலே வடிவத்தை உறுதி செய்வதால்தான், ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழ்த் தொடர் முறிந்து விழுகிறது. வரி இடைவெளி போதாமல் எழுத்துகளின் கீழ்ப்பகுதி வெட்டுப்படுகிறது.

உரத்துப் பேசுபவர்கள் யார் என்ற கேள்வியும் இருக்கிறது. ஆங்கில விக்கிப்பீடியா 2023 ஜனவரியில் வெக்டர் 2022 என்ற தோற்றத்துக்கு மாறியது. 2020 முதலே பிரெஞ்சு, ஹீப்ரு உள்ளிட்ட சில விக்கிகளில் அதைச் சோதித்து வந்தார்கள். இருந்தும், வரிகளின் அகலம் குறுகி இருபுறமும் வெற்றிடம் விரிந்ததைப் பற்றித் தொகுப்பாளர்கள் பலர் கடுமையாக முறையிட்டார்கள். அகலத்தைக் கூட்டிக்கொள்ள ஒரு பொத்தான் தரப்பட்டது. கணக்கு உள்ளவர் விருப்பத்தேர்வில் பழைய தோற்றத்துக்கே திரும்பவும் முடிந்தது. கணக்கில்லாமல் வந்து படித்துவிட்டுப் போகும் கோடிக்கணக்கானவர்களுக்கு அந்த வழி இல்லை. விவாதத்தில் அவர்கள் குரலும் இல்லை. இதனால்தான் வாக்கு எண்ணி வடிவமைப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை. வந்திருப்பவர்கள் மட்டுமே வாக்களிக்கிறார்கள். அதேசமயம், பங்களிப்பாளர்களின் எதிர்ப்பை அதிகாரத்தால் மூடுவதையும் ஏற்க மாட்டோம். 2014-இல் ஜெர்மன் விக்கிப்பீடியாவில், படங்களைப் பெரிதாக்கிக் காட்டும் படக்காட்டி குறித்து எழுந்த தகராறில், சமூகத்தின் நிர்வாகிகளும் மாற்ற முடியாதபடி ஒரு பூட்டை, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் அது நீக்கப்பட்டது. இழந்த நம்பிக்கை அவ்வளவு விரைவில் திரும்பவில்லை.

முடிந்த வடிவத்தைத் திரைவிலக்கிக் காட்டிவிட்டுக் கருத்துக் கேட்பது மரியாதையான செயல் அல்ல. வீடு கட்டி முடித்தபின் வாசல் எந்தத் திசையில் இருக்கலாம் என்று கேட்பதற்கு ஒப்பானது அது. வலைத்தளங்களை உருவாக்க உதவும் கட்டற்ற மென்பொருளான ட்ரூபல் 2008-இல் தன் தளத்தின் மறுவடிவமைப்பைத் தொடங்கியபோது, வடிவமைப்பாளர் மார்க் பௌல்டனின் குழு அரைகுறை முன்மாதிரிகளையே பொதுவில் வைத்துத் திருத்தித் திருத்தி முன்னேறியது. புதிய தளம் 2010-இல்தான் வந்தது. நீண்ட காலம்தான். ஆனால் மூல நிரலைத் திறந்து வைக்கத் துணிந்தவர்களுக்கு, முடியாத வரைபடத்தைத் திறந்து வைப்பதில் என்ன தயக்கம்?

கருத்துத் திரட்டும் கருவிகளும் கட்டற்றவையாக இருக்கட்டும். கருத்துக்கணிப்புக்கு லைம்சர்வே, வருகைப் பகுப்பாய்வுக்கு மடோமோ போன்றவை இருக்கின்றன. கருத்துச் சொல்ல வருகிறவரிடம் ஒரு நிறுவனத்தின் கணக்கைத் திறக்கச் சொல்வதும், அவர் அறியாமல் நடமாட்டத்தைப் பின்தொடர்வதும் கூடாது.

வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் சம்பளமின்றி, வேலை முடிந்த இரவுகளில் உழைக்கிறார்கள். அவர்களைத் திட்டுவது கருத்து ஆகாது. எங்கள் உறுப்பினர்கள் குறை சொல்லும்போது, எந்தக் கருவியில், எதைச் செய்ய முயன்று, எங்கே நின்றுபோனோம் என்று எழுதுவார்கள். தமிழில் சோதித்துப் பார்க்க ஆட்கள் வேண்டும் என்று எந்தக் கட்டற்ற மென்பொருள் திட்டம் கேட்டாலும் திரைவாசிப்பான் பயனர் ஒருவரையும் சேர்த்தே ஒரு சிறு குழுவை அனுப்புவோம். முடிவுகளின் காரணத்தை வெளியிட மறுக்கும் கருத்துத் திரட்டல்களில் எங்கள் பெயரில் யாரும் பங்கேற்க மாட்டார்கள்.