நடக்கிறவங்களுக்கு ஒரு பூட்ஸ்

அம்பிட்டியவில் இருந்து கண்டிக்கு இறங்கும் வீதியில் மழை பிடித்தால், பேராதனை கம்பஸ் போய்ச் சேரும்போது எங்க சப்பாத்து வாய் பிளந்திருக்கும். கடையில் பெண்கள் பக்கம் போனால் கூர் முனை, மெல்லிய அடி, பளபளப்பு. உறுதியான பூட்ஸ் எல்லாம் ஆண்கள் பக்கம். நாங்க நடக்க மாட்டோம்னு யார் முடிவு செஞ்சது?

அதனால அழகைப் பார்க்கிறதுக்கு முன்ன அடியைத் திருப்பிப் பாருங்க. பசையால் மட்டும் ஒட்டியதென்றால் ஈரத்தில் சீக்கிரம் கழரும். நூலால் தைத்ததைத் திரும்பவும் தைக்கலாம். பொலியூரித்தேன் அடி, போடாமல் அலுமாரியில் வைத்தாலும் ஈரக் காற்றில் சில வருடத்தில் பொடிந்துவிடும். இறப்பர் அதைவிடத் தாங்கும். பின்னேரம் போய் வாங்குங்க, கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம் அது. விரல்களுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்கணும். ஆண்களின் சின்ன சைஸ் குதிக்கால் வழுக்காமல் பொருந்தினால், கூச்சப்படாம எடுங்க.

விலை கூடத்தான். ஆனா வருஷத்துக்கு மூணு சோடி மலிவாக வாங்குறதையும் கூட்டிப் பாருங்க.

இந்த மலைகளில் எங்களைவிட அதிகம் நடப்பது கொழுந்து பறிக்கும் பெண்கள். அவங்களில் பலர் இன்னும் செருப்போடுதான் சரிவு ஏறுறாங்க. நல்ல பூட்ஸ் ஃபேஷன் இல்ல, தேவை என்று நாங்க சொல்றது அவங்களுக்கும் சேர்த்துத்தான்.