மல்டிகாஸ்டும் கொக்கிக் கணக்கும்

ஒரே தகவலைப் பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் வழிமுறை மல்டிகாஸ்ட். அனுப்பும் கணினி ஒரு பிரதியை மட்டுமே வெளியிடும். பாதை பிரியும் இடத்தில் சுவிட்ச் என்ற வலையமைப்புக் கருவி நகல் எடுத்துக்கொள்ளும். 1989-இல் ஸ்டீவ் டீரிங் எழுதிய ஆர்எஃப்சி 1112 என்ற இணைய வரையறை ஆவணம் இதற்கு அடித்தளம். தரவு மையச் சுவிட்சுகளைப் பற்றிப் பேசும்போது இதையொட்டி ஒரு வாதம் தவறாமல் வரும்: நகலெடுப்பு சிப்பிலேயே முழு வேகத்தில் நடக்கிறது, ஆகவே எத்தனை பேர் கேட்டாலும், எத்தனை குழுக்கள் இருந்தாலும் வலையமைப்புக்குப் பாரமில்லை. இந்த வாதத்தின் முன்பாதி உண்மை. பின்பாதியில் 'எத்தனை பேர்' என்பதை ஓரளவு ஏற்கலாம். 'எத்தனை குழுக்கள்' என்பதை ஏற்க முடியாது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காஞ்சிபுரத்துத் தறி தெளிவாகக் காட்டும். பட்டுப் புடவையில் பூவேலை செய்யத் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். துளையிட்ட அட்டை எந்தக் கொக்கியைத் தூக்கச் சொல்கிறதோ அது எழும். அதில் கட்டிய கயிறுகள் அத்தனையும் தம் பாவு இழைகளைக் கூடவே தூக்கும். ஒரே பூ அகலம் முழுவதும் திரும்பத் திரும்ப வருவது இப்படித்தான். பூ இன்னும் பத்து இடத்தில் வேண்டுமானால் கயிறு கூடும், கொக்கி கூடாது. பூவின் வடிவம் அகலமாகி, தனித்து எழ வேண்டிய இழைகள் கூடினால் மட்டும் கொக்கி வேண்டும். 240 கொக்கிப் பெட்டியில் 241-ஆவது தனி அசைவுக்கு இடமில்லை. சுவிட்சில் பெறுபவர்கள் கயிறுகள், குழுக்கள் கொக்கிகள்.

மல்டிகாஸ்டுக்கு ஒதுக்கிய ஐபி முகவரிகள் சுமார் 26.8 கோடி என்பதைச் சிலர் ஆதாரமாகக் காட்டுவார்கள். முகவரி இருப்பது வேறு, அதைச் சுவிட்ச் நினைவில் வைத்திருப்பது வேறு. ஒருவருக்கு மட்டும் அனுப்பும் சாதாரண யூனிகாஸ்ட் முகவரிகளைச் சுருக்கி எழுதலாம். 631 என்று தொடங்கும் பின்கோடைப் பார்த்ததும் தபால்காரர் கடிதக் கட்டை எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்வதுபோல, ஒரே வரி ஆயிரக்கணக்கான கணினிகளுக்கு வழி சொல்லும். மல்டிகாஸ்ட் குழுவுக்கு அப்படி ஊர் இல்லை. ஒரு உறுப்பினர் பிள்ளையார்பாளையத்தில், இன்னொருவர் ஓரிக்கையில், மற்றொருவர் சின்ன காஞ்சிபுரத்தில். அடுத்த குழுவின் முகவரி ஒரே ஒரு எண் தள்ளி இருந்தாலும் அதன் ஆட்கள் வேறு தெருக்களில் இருப்பார்கள். எனவே ஒவ்வொரு குழுவுக்கும், பல நேரங்களில் ஒவ்வொரு அனுப்புநர்–குழு ஜோடிக்கும், தனி வரி தேவை. எந்தெந்தப் போர்ட்டில் நகல் போக வேண்டும் என்ற பட்டியலும் தனியே தேவை. யூனிகாஸ்ட் வழிகளை லட்சக்கணக்கில் தாங்கும் தரவு மையச் சுவிட்சுகள்கூட மல்டிகாஸ்டில் சில ஆயிரம் முதல் சில பத்தாயிரம் வரிகளோடு நின்றுவிடுகின்றன. பல சிப்புகளில் இந்த நினைவகம் பொதுச் சொத்து. மல்டிகாஸ்டுக்குக் கூட்டினால் வேறொன்றுக்குக் குறையும்.

நினைவகம் நிரம்பினால் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதானே என்பது அடுத்த சமாதானம். மெதுவாவதோடு அது முடிவதில்லை. வரி கிடைக்காத குழுவின் பாக்கெட்டுகளைச் சில சுவிட்சுகள் தம் மையச் செயலிக்கு அனுப்பும். நொடிக்குக் கோடிக்கணக்கான பாக்கெட்டுகளைக் கையாளும் சிப்புக்குப் பக்கத்தில் அந்தச் செயலி ஒரு கைத்தறி. தன்னைக் காத்துக்கொள்ள அது பாக்கெட்டுகளை உதறிவிடும். வேறு சில, எல்லாப் போர்ட்டுகளிலும் வெள்ளமாகத் திறந்துவிடும். முதல் வகையில் தகவல் சேராது. இரண்டாம் வகையில் கேட்காதவர் வீட்டிலும் கொட்டும்.

சுவிட்ச் தானாகவே உறுப்பினர்களைக் கற்றுக்கொள்ளும் என்பதும் பாதி உண்மையே. ஐஜிஎம்பி ஒட்டுக்கேட்பு என்ற முறையில், யார் குழுவில் சேர்கிறார்கள் என்பதைச் சுவிட்ச் கவனித்துக் குறித்துக்கொள்கிறது. ஆனால் 'இன்னும் இருக்கிறீர்களா' என்று 125 நொடிக்கு ஒருமுறை கேட்பதற்கு ஒரு சாதனம் வேண்டும். அது இல்லாவிட்டால் வழக்கமான அமைப்பில் 260 நொடியில் உறுப்பினர் பெயர் அழிந்துவிடும். நான்கு நிமிடம் அழகாக ஓடிவிட்டுச் சட்டென்று நின்றுபோகும் மல்டிகாஸ்ட் கண்டவர்கள் பலர். பெரும்பாலும் கேபிளைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். இன்னொரு சிக்கல் பிறவியிலேயே வந்தது. 28 பிட் குழு முகவரியை ஈதர்நெட் முகவரியின் 23 பிட்டுக்குள் அடைப்பதால், 32 குழுக்கள் ஒரே ஈதர்நெட் முகவரியைப் பகிர்கின்றன. அதை மட்டும் பார்த்துப் பிரிக்கும் சுவிட்சுக்கு 239.1.1.1-உம் 239.129.1.1-உம் ஒன்றுதான்.

நகலுக்குச் செலவில்லை என்ற வாதத்தை மறுக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே போர்ட்டுக்குப் பின்னால் பத்து விலான்களில், அதாவது தனித்தனி வலைப் பிரிவுகளில், பெறுபவர்கள் இருந்தால் அந்த ஒரு கம்பியில் பத்து நகல் போகும்.

மேகக் கணினி நிறுவனங்களின் அனுபவம் இன்னும் தெளிவானது. ஒரே வலையமைப்பின் மேல் பல தனி வலைகளை ஓட்டுவதற்காக 2014-இல் வெளிவந்த விஎக்ஸ்லான் வரையறை, வாடிக்கையாளர் வலை ஒவ்வொன்றுக்கும் 24 பிட் அடையாளம் தந்தது. அதாவது சுமார் 1 கோடியே 67 லட்சம் வலைகள். அவற்றுக்குள் பொது அறிவிப்புகளைச் சுமக்க மல்டிகாஸ்ட் குழுக்களையே அது நம்பியிருந்தது. சில ஆயிரம் கொக்கிகளில் கோடிப் பூக்களை எப்படிக் கட்டுவது? பல வலைகளை ஒரே குழுவில் திணித்தார்கள்; தேவையற்ற நகல்கள் பெருகின. பிறகு பலர் ஈவிபிஎன் என்ற முறையின் பக்கம் திரும்பி, நுழைவாயிலிலேயே தனித்தனி யூனிகாஸ்ட் நகல் எடுப்பதை ஏற்றுக்கொண்டார்கள். மல்டிகாஸ்ட் எதைத் தவிர்க்கப் பிறந்ததோ, அதையே.

மல்டிகாஸ்டால் பாரமில்லை என்ற தொடக்க வாதத்துக்கு வலுவான சான்று பங்குச் சந்தையிலிருந்து வருகிறது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. தரகர்கள் தம் கணினிகளைச் சந்தையின் கணினிகளுக்கு அருகிலேயே வைக்கும், இந்தியத் தேசியப் பங்குச் சந்தையின் கோ-லொகேஷன் மையத்தில் 2010 முதல் சில ஆண்டுகள் நொடிக்கு நொடி விலைத் தகவல் டிசிபி வழியே, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, வரிசைப்படி சென்றது. முந்தி இணைந்தவர் முந்திப் பெற்றார் என்ற புகார் 2015-இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியிடம் போனது. 2019 ஏப்ரலில் ரூ. 624.89 கோடியை வட்டியுடன் செலுத்தச் செபி உத்தரவிட்டது. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்து, கவனக்குறைவுக்காக ரூ. 100 கோடி செலுத்தச் சொன்னது. இதற்கிடையில் 2014-இலேயே சந்தை மல்டிகாஸ்டுக்கு மாறிவிட்டது. வரிசை என்ற சிக்கலுக்கு அதுவே சரியான மருந்து.

ஆனால் அங்கே குழுக்கள் கொஞ்சம். எவை என்பது முன்கூட்டியே தெரியும். வலை முழுவதும் ஒரே நிர்வாகத்தின் கையில். கயிறு நிறைய, கொக்கி சில. அப்படியும் இழப்பு உண்டு. மல்டிகாஸ்டில் சேர்ந்ததா என்று திரும்பச் சொல்வார் இல்லை. அதனால்தான் பங்குச் சந்தைகள் பாக்கெட்டுகளுக்கு வரிசை எண் இட்டு, ஒரே தகவலை இரண்டு தடங்களில் அனுப்பும் வழக்கத்தை வைத்திருக்கின்றன. ஆயிரம் வாடிக்கையாளர்கள் நினைத்தபோதெல்லாம் குழு தொடங்கிக் கலைக்கும் மேகத்துக்கு இந்த வெற்றியை எடுத்துப் பொருத்த முடியாது.

2017-இல் ஆர்எஃப்சி 8279 ஆக வந்த பியர் முறையும், 2019-இல் ஆய்வாக வந்த எல்மோவும் ஒரே திசையில் போகின்றன: பெறுபவர் பட்டியலைப் பாக்கெட்டின் தலைப்பிலேயே எழுதிவிட்டுச் சுவிட்சின் சுமையைக் குறைப்பது. கொக்கி போதுமானதாக இருந்திருந்தால் இந்த உழைப்புக்கு அவசியமே வந்திராது. சுவிட்ச் வாங்குபவர்கள் 'மல்டிகாஸ்ட் உண்டா' என்று கேட்பதோடு நிற்க வேண்டாம். 'மற்ற வசதிகளும் இயங்கும்போது எத்தனை குழு', 'நிரம்பினால் என்ன ஆகும்' என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கட்டும்.